கடைமடைக்கு ஒரு காவல் வேண்டும்

ஸ்ரீசைலத்தில் பம்பு வைத்து ஏற்றும் கிருஷ்ணா நீர் 700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, 2025 ஆகஸ்டில் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தை எட்டியது. ஹந்திரி-நீவா திட்டத்தின் கடைமடை அது. காலேரு-நகரி திட்டமும் அதே மாவட்டத்து நகரியைக் குறிவைத்ததே. தெலுங்கு கங்கைக் கால்வாய் திருப்பதி மாவட்டத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. மேலே மதகு சரியாகத் திறந்தால்தான் இங்கே வாய்க்கால் நனையும்.

அதைக் கண்காணிக்கவே 2014 ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம் கிருஷ்ணா நதி மேலாண்மை வாரியத்தை அமைத்தது. செலவை ஆந்திரமும் தெலங்கானாவும் பகிர வேண்டும். 2021 ஜூலை 15 அரசிதழ் அறிவிக்கை, ஆளுக்கு 200 கோடி ரூபாய் தரவும் திட்டங்களை ஒப்படைக்கவும் சொன்னது. பணமும் வரவில்லை, அணைகளும் முழுதாகக் கைமாறவில்லை. 2023 நவம்பர் இறுதியில் நாகார்ஜுனசாகர் அணைமீது இரு மாநிலப் போலீசாரும் மோதிக்கொண்டார்கள். பிறகு மத்தியப் படை வந்து காவல் நின்றது.

"நம் பணத்தில் நம்மையே கட்டுப்படுத்த ஓர் அமைப்பா?" என்று மாநிலங்கள் தயங்குவது புரிகிறது. அணையைக் கொடுத்தால் உரிமையும் போய்விடுமோ என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் வாரியம் நீர்ப் பங்கைத் தீர்மானிப்பதில்லை. அது நடுவர் மன்றத்தின் வேலை. வாரியத்தின் வேலை அளப்பதும் திறப்பதும். அந்த வேலைக்கே காசில்லாவிட்டால், அணை யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே கணக்கு. அமெரிக்காவின் முதல் கூட்டமைப்பு இப்படித்தான் தளர்ந்தது. 13 மாநிலங்களிடம் பணம் கேட்க மட்டுமே அதனால் முடிந்தது, வரி போட முடியவில்லை. கேட்டதில் பெரும்பகுதி வந்து சேரவுமில்லை. 1787-இல் புதிய அரசியல் சட்டமே எழுத வேண்டியதாயிற்று.

நம்மிடமே நல்ல முன்மாதிரி உண்டு. 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்துச் சென்னைக்கு 15 டி.எம்.சி. ஒதுக்கின. கால்வாய்ச் செலவில் தமிழகமும் பங்கேற்றது. யாருடைய உரிமையும் அதனால் அழியவில்லை.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் எம்.எல்.ஏ.க்கள், எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் இதைப் பேச வேண்டும். குடிநீர் பெறும் சென்னைவாசிகளும் கேட்க வேண்டும். ஆந்திரமும் தெலங்கானாவும் தங்கள் பங்கை இந்த நிதியாண்டிலேயே கட்டட்டும். வாரியம் வைக்கும் அளவீட்டுக் கருவிகளின் கணக்கை நாள்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்கட்டும்.