ஸ்குவாட்டில பேர் இருந்தா காணுமா? ஓவர் தாங்கோ

2024 ஏப்ரலில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி, காயப்பட்ட வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக விஜயகாந்த் வியாஸ்காந்தை 50 இலட்சம் இந்திய ரூபாய்க்கு எடுத்தது. யாழ் மத்திய கல்லூரிப் பெடியன் ஐபிஎல்லுக்குப் போறான் எண்டு எங்கட ஃபேஸ்புக் முழுக்க அவற்ற படம்தான். நியாயமான சந்தோசம். ஆனால் அந்தச் சந்தோசம் ஒப்பந்தச் செய்தியோடயே முடிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு அவர் எத்தினை மச் விளையாடினார், ஏன் வெளியில விட்டவை எண்டு கதைச்ச ஆக்களைக் காணேல்லை. அந்தக் கதையைத்தான் இப்ப கதைக்கப் போறன். எங்கட ஊர்ப் பந்துவீச்சாளர்களை யார், எப்ப, எதுக்காகப் பாவிக்கினம் எண்டது அதிலதான் தெரியுது.

மே 8, லக்னோவுக்கு எதிராக முதல் மச். விக்கெற் இல்லை. அண்டைக்கு ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் 166 ஓட்டங்களை 9.4 ஓவரில அடிச்சு முடிச்சதால பந்துவீச்சைப் பற்றி ஒருத்தரும் பேசேல்லை. மே 19, பஞ்சாப். நல்லா அடிச்சுக்கொண்டிருந்த பிரப்சிம்ரன் சிங்கை ஆட்டமிழக்கச் செய்தார். மே 21, அகமதாபாத்தில கொல்கத்தாவுக்கு எதிரான தகுதிச்சுற்று. கொல்கத்தா ஓடி ஓடி அடிச்சது, விக்கெற் கிடைக்கேல்லை. மூண்டு நாள் கழிச்சு சேப்பாக்கத்தில ராஜஸ்தானோட அடுத்த தகுதிச்சுற்று. சுழலுக்கு உதவுற ஆடுகளம் எண்டு எல்லாரும் சொல்லுற இடம். அந்த மச்சில எங்கட லெக் ஸ்பின்னர் இல்லை.

கேக்க அநியாயம் மாதிரி இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கோ. ஒரு அணியில வெளிநாட்டவர் நாலு பேர்தான். ஹெட், கிளாசன், கம்மின்ஸ் மூண்டு பேரையும் ஒருத்தரும் அசைக்க ஏலாது. மிச்சம் ஒரு இடம். அதில வியாஸ்காந்த் எண்டால் மார்க்ரம் வெளியில, மார்க்ரம் எண்டால் வியாஸ்காந்த் வெளியில. கம்மின்ஸ் துடுப்பாட்டத்துக்குப் போனார். சுழலுக்கு இந்தியர்களான ஷாபாஸ் அகமதையும், எப்பவாவது பந்து போடுற அபிஷேக்கையும் வைச்சுச் சமாளிச்சார். ஷாபாஸ் 3, அபிஷேக் 2. ராஜஸ்தான் 36 ஓட்டத்தால தோத்தது. முடிவு சரி. கம்மின்ஸ் வியாஸ்காந்துக்கு ஒண்டும் கடன்படேல்லை, ஹைதராபாத் யாழ்ப்பாணத்துக்கும் கடன்படேல்லை. ஓட்டை ஒண்டு இருந்தது, அடைக்க ஆள் தேடினவை, ஓட்டை வேற வழியால அடைபட்டவுடன விட்டுட்டினம். அடுத்த ஏலத்தில அதே வேலைக்கு அடம் சாம்பாவை 2.40 கோடிக்கு வாங்கினவை.

சீசன் நடுவில ஆள் எடுக்கிறது எல்லா இடத்திலயும் இப்பிடித்தான். இதில பழம் தின்று கொட்டை போட்டது அமெரிக்க பேஸ்போல். அங்க ஜூலை கடைசியில வீரர் பரிமாற்றத்துக்கு ஒரு காலக்கெடு வரும். கிண்ணத்துக்குக் கிட்ட நிக்கிற அணி, மிச்சம் இருக்கிற கிழமைகளுக்கு ஒரு அனுபவப் பந்துவீச்சாளரை வாங்க, தன்ர இளசுகளைக் கொடுக்கும். கெடு தாண்டியும் சில வழிகளால மாத்தக்கூடிய காலம் இருந்தது. அப்பிடி 1987 ஓகஸ்டில் டெட்ரோய்ட் டைகர்ஸ், 36 வயசு டோயில் அலெக்சாண்டரை அற்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து வாங்கி, 20 வயசு ஜோன் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் மிச்சிகனில வளர்ந்த பெடியன், சின்ன வயசில இருந்து டைகர்ஸ் ரசிகன். அலெக்சாண்டர் வந்து ஒன்பது வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை. டைகர்ஸ் தங்கட பிரிவை வென்றது, அடுத்த கட்டத்தில மினசோட்டாவிடம் தோத்தது. ஸ்மோல்ட்ஸ் 1996 இல் சை யங் விருது வாங்கி, 2015 இல் புகழ்மண்டபத்துக்குள்ள போனார்.

எல்லாரும் இதை டெட்ரோய்ட்டின்ர முட்டாள்தனம் எண்டுதான் சொல்லுவினம். நான் அப்பிடிச் சொல்லமாட்டன். அலெக்சாண்டர் இல்லாட்டி அந்தப் பிரிவையே வென்றிருக்கேலாது. எனக்கு அற்லாண்டா செய்ததுதான் முக்கியம். 1988 இல் ஸ்மோல்ட்ஸ் முதன்முதலா அந்த அணிக்கு வீசேக்க இரண்டு வெற்றி, ஏழு தோல்வி. எங்கட ஆக்கள் எண்டால் "பெடியன் சரிவரான்" எண்டு தேத்தண்ணிக் கடையிலேயே தீர்ப்பு எழுதியிருப்பினம். அற்லாண்டா அப்ப அடிமட்ட அணி, இழக்க ஒண்டுமில்லை. திருப்பித் திருப்பிப் பந்தைக் கொடுத்தது. அடுத்த வருசமே அவர் ஓல்-ஸ்டார்.

இனி வியாஸ்காந்தின்ர வழியைப் பாருங்கோ. 2020 டிசம்பர் 4, பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், யாழ்ப்பாணம் ஸ்டாலியன்ஸுக்காக எல்பிஎல்லில் இறங்கினார். முதல் விக்கெற் அஞ்சலோ மத்தியூஸ். ஆனால் அந்த அணியின் பிரதான லெக் ஸ்பின்னர் ஹசரங்க. அந்தச் சீசனில அவருக்கு 17 விக்கெற், தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். 2021 இல் அணி லைக்காவின் கைக்கு வந்து ஜப்னா கிங்ஸ் ஆனபோது ஹசரங்கவோட மகேஷ் தீக்‌ஷணவும் சேர்ந்தார். இந்த ரெண்டு பேருக்கும் பின்னால நிண்டு ஒரு பத்தொன்பது வயசுக்காரன் எத்தினை பந்து போடலாம்?

2022 இல் ஹசரங்க கண்டிக்குப் போனார். யாழ்ப்பாணத்தில ஓவர் காலியாச்சு, வியாஸ்காந்த் தொடர்ச்சியா விளையாடினார். கையோட பங்களாதேஷ் பிரீமியர் லீக்கில சட்டோகிராம் அணி கூப்பிட்டது. 2023 ஒக்ரோபர் 4, ஆசிய விளையாட்டுப் போட்டியில ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இலங்கைத் தொப்பி. அப்ப முதல்தர அணி உலகக் கிண்ணத்துக்கு இந்தியாவில நிண்டது. 2024 தொடக்கத்தில டுபாய்ப் பக்கம் எம்ஐ எமிரேட்ஸுக்கு நாலு மச்சில எட்டு விக்கெற். பிறகுதான் ஹைதராபாத், அதுவும் ஹசரங்க காயப்பட்டதால.

கதவு திறந்த நேரங்களில பெரும்பாலும் முன்னால நிண்டவர் இல்லாமல் போயிருக்கிறார். திறந்தவுடன இவர் உள்ள போய் விக்கெற் எடுத்திருக்கிறார். அந்த இடைவெளி தற்செயலா வராமல், யாழ்ப்பாணம் எண்டு பேர் வைச்ச அணியே வேணுமெண்டு உண்டாக்கியிருந்தால் ரெண்டு வருசம் மிச்சம் பிடிச்சிருக்கலாம் எண்டது என்ர எண்ணம்.

"வெல்லுறதுதானே முக்கியம், நாங்கள் நாலு தரம் கிண்ணம் தூக்கினாங்கள்" எண்டு ஒரு பதில் வரும். உண்மை. 2020, 2021, 2022, 2024. ஐஞ்சு சீசனில நாலு எண்டது சின்ன விசயமில்லை. (அந்த நாலில ஒரு மச் கூட யாழ்ப்பாணத்தில நடக்கேல்லை எண்டது வேற கதை.) ஆனால் தொடரின்ர அமைப்பைப் பார்த்தால் பயத்துக்குக் காரணம் இல்லை. ஐஞ்சு அணி. ஆளுக்கு எட்டு லீக் மச். நாலு அணி அடுத்த சுற்றுக்குப் போகும், ஒரே ஒரு அணிதான் வீட்டை போகும். இப்பிடி ஒரு தொடரில ஒரு இளம் பந்துவீச்சாளருக்கு நாலு மச்சில நாலு நாலு ஓவர் குடுத்தால் 16 ஓவர். லீக் சுற்றில அணி போடுற 160 ஓவரில பத்திலொண்டு. இதைத் தாங்கேலாத அளவுக்கு எந்தச் சம்பியன் அணியும் பலவீனம் இல்லை.

சென்னை இதைச் செய்து காட்டியிருக்கு. அஸ்வின் 2008 இல் சூப்பர் கிங்ஸ் அணியில பேருக்கு இருந்தார், ஒரு மச்சும் இல்லை. 2009 இல் ரெண்டு மச். முன்னால நிண்டது எங்கட முரளிதரன். ஆனாலும் 2010 இல் அவரிடம் பந்தைக் குடுத்தவை, நடுவில ஒருக்கா வெளியில விட்டுத் திருப்பி எடுத்தவை. 2011 இறுதிப்போட்டியின் முதல் ஓவரிலேயே கெயிலைப் பூச்சியத்துக்கு அனுப்பினது அதே பெடியன்தான். முரளி இருந்த அணியிலயே இது ஏலுமெண்டால் ஹசரங்க இருந்த அணியில ஏன் ஏலாது?

இன்னொரு பதிலும் வரும்: இது சலுகை, திறமை இருந்தால் தானா வரும் எண்டு. தானா எங்க வரும்? கன காலம் எங்கட பெடியள் பள்ளிக்கூடத்தில மற்றிங் விக்கெற்றில விளையாடி வளர்ந்தவை. பாயில பந்து துள்ளுறது ஒரு மாதிரி, புல்லில திரும்புறது இன்னொரு மாதிரி. லெக் ஸ்பின்னருக்கு அந்த வித்தியாசத்தைக் கைவிரல் பழகுறதுக்கே வருசம் போகும். கொழும்புப் பெடியன் அதைப் பதினாலு வயசில பழகிடுவான். மண்டைதீவில சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1 ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார், நல்லது, அது எழும்பட்டும். அதுவரைக்கும் வருசத்தில மூண்டு கிழமை நடக்கிற எல்பிஎல்தான் இந்தப் பெடியளுக்குக் கிட்டக் கிடைக்கிற பெரிய மேடை. அதில தண்ணிப் போத்தல் காவ விட்டுட்டு "வடக்குக்கு வாய்ப்பு" எண்டு சொல்லுறது எனக்குக் கொஞ்சம் கோவம் வரப் பண்ணுது.

அடுத்தவர் ரெடியாத்தான் நிக்கிறார். சென் ஜோன்ஸ் கல்லூரியின் குகதாஸ் மாதுளன், மாலிங்க மாதிரிக் கையைச் சரிச்சு வீசுறவர், 2024 கடைசியில இலங்கையின் 19 வயதுக்குட்பட்ட அணியோட ஆசியக் கிண்ணத்துக்குப் போனார். வேகப் பந்து எண்டபடியா இவருக்கு முன்னால நிக்கிற வரிசை இன்னும் நீளம். வருகிற சீசனில இவற்ற பேர் யாழ்ப்பாண அணிப் பட்டியலில வந்தால் படத்தைப் பகிருங்கோ, நானும் பகிருவன். பிறகு முதல் நாலு மச்சின்ர ஸ்கோர் அட்டையையும் எடுத்துப் பாருங்கோ. ஓவர் எண்ட இடத்தில ஒண்டும் இல்லாட்டி அணியின்ர பக்கத்தில போய் ஏன் எண்டு கேளுங்கோ. தமிழிலயே கேளுங்கோ, பேரில யாழ்ப்பாணம் வைச்சிருக்கிற ஆக்களுக்கு விளங்கும்தானே.