கட்டுமரத்துக்கு அச்சாரம்

இந்த வாரக் கடிதங்களில் ஒன்று எப்போதும்வென்றானிலிருந்து வந்திருக்கிறது. உறையின் மேல் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. உள்ளே இருந்ததோ பயம்.

எழுதியிருப்பவர் ஓர் அம்மாள். வீட்டுக்காரருக்குக் கரிசல் காட்டில் மானாவாரி விவசாயம். பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். மகள் கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மகன் சிங்கப்பூரில் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் இருக்கிறான். வருகிற ஆவணியில் பெரியவருக்கு அறுபது நிறைகிறது. அதைக் கொண்டாட மகன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான். கிரீஸ் தேசத்துக்குப் போய், ஆட்களோடு சேர்த்து ஒரு பாய்மரப் படகை ஒரு வாரத்துக்குப் பேசிக்கொண்டு, குடும்பம் முழுவதும் தீவு தீவாகச் சுற்றுவது. அந்தப் படகுக்குப் பெயர் காட்டமரான்.

"கட்டுமரமா?" என்று கேட்டாராம் பெரியவர். "கட்டுமரத்துல போகவா இம்புட்டு ரூவா? தருவைகுளத்துல கேட்டா சும்மாவே ஏத்திக்கிட்டுப் போவாகளே!"

வீடே சிரித்தது. அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. காரணம் இருக்கிறது. பெரியவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அம்மாளோ ஊர்க் கண்மாயில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பாதி வாடகையை அச்சாரமாகக் கட்ட வேண்டுமாம். கட்டினால் திரும்ப வராதாம். "வேண்டாம்னா பிள்ளை மனசு நோகும். சரின்னா எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று முடித்திருக்கிறார்.

அந்த அம்மாளுக்குத் தனியாகவே பதில் எழுதியிருப்பேன். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரை எங்கேயாவது அழைத்துப் போக ஆசைப்படுவது இன்று பல வீடுகளில் நடக்கிற சமாச்சாரம். ஆகவே நீங்களும் கேட்டு வையுங்கள்.

முதலில் பெரியவரின் சந்தேகம். அவர் கேட்டது சரியான கேள்விதான். நம்முடைய கட்டுமரம்தான் இங்கிலீஷில் காட்டமரான் ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிடுவதைப் பார்த்து, 1697இல் வெளியான தம் புத்தகத்தில் இந்தப் பெயரையும் எழுதி வைத்தார். பெயர் கப்பலேறிவிட்டது, பொருள் வழியில் மாறிவிட்டது. இன்று காட்டமரான் என்றால் இரண்டு ஒடுக்கமான படகுகளைச் சிறிது இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே ஒரு தளம் போட்டு இணைத்தது. அந்த யுக்தி பசிபிக் தீவு மக்களுடையது. அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் 1876இல் அப்படி ஒன்றைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் விட்டார். மற்றப் படகுகளையெல்லாம் அது பின்னால் தள்ளிவிட்டது. 'இது படகே அல்ல' என்று சொல்லிப் பரிசைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்!

இதில் வயதானவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சாதாரணப் பாய்மரப் படகு காற்றில் ஒரு பக்கமாகச் சாயும். இது அவ்வளவு சாயாது. மேஜைமேல் வைத்த காபி டம்ளர் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எதிர்க்காற்றில் குட்டையான, செங்குத்தான அலைகள் வந்தால் தளத்தின் அடியில் தடார் தடார் என்று அறையும். பயந்த மனுஷிக்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும். ஆகவே படகைவிடக் காற்றுத்தான் முக்கியம்.

மகன் போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தேன். ஆகஸ்ட் மாதம், ஏதென்ஸ் நகரில் புறப்பட்டு மிக்கோனோஸ், சாந்தோரினி, மறுபடி ஏதென்ஸ், ஏழு நாள். படத்தில் பார்க்க வெகு அழகு. ஆனால் 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்கிறோமே, அந்த ஆடிக் காற்று கிரீஸிலும் உண்டு. அங்கே அதற்கு மெல்டெமி என்று பெயர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானம் பளிச்சென்று இருக்கும்போதே வடக்கிலிருந்து அடிக்கும். நாள் கணக்கில் விடாமலும் அடிப்பது உண்டு. மிக்கோனோஸும் சாந்தோரினியும் அதன் நேர் பாதையில் இருக்கின்றன.

ஒரு சின்னக் கணக்கும் பாருங்கள். ஏதென்ஸிலிருந்து சாந்தோரினி சுமார் 120 கடல் மைல். இந்தப் படகு மணிக்கு 7 கடல் மைல் போனாலே நல்ல வேகம். போய் வர மட்டும் 34 மணி நேரம் ஓட வேண்டும். போகும்போது காற்று முதுகுப் பக்கம், சுகமாயிருக்கும். திரும்பும்போது அதே காற்று முகத்தில். சனிக்கிழமை படகை ஒப்படைக்க வேண்டுமே என்ற அவசரத்தில், ஸ்டென்ட் வைத்த மனிதரையும் தண்ணீரைக் கண்டு பயப்படும் அம்மாளையும் எதிர்க்காற்றில் கொண்டுவருவது என்ன கொண்டாட்டம்?

அதற்காகக் கிரீஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதத்தை மாற்றுங்கள், வழியை மாற்றுங்கள். ஜூன் முதல் பாதியில் அந்தக் காற்று பொதுவாக முழு பலத்துக்கு வந்திருக்காது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் அப்போதுதான் விடுமுறை. நம் கரிசல் காட்டிலும் அறுவடை முடிந்து, புரட்டாசி விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும் காலம் அது. ஆவணியில் அறுபதாம் கல்யாணத்தை உற்றார் உறவினருடன் ஊரிலே செய்யலாம். படகுக்காக அதையும், அதற்காகப் படகையும் விட வேண்டியதில்லை.

வழி எது? ஏதென்ஸுக்குத் தெற்கே சரோனிக் வளைகுடா இருக்கிறது. நிலம் அணைத்துக்கொண்ட கடல். ஏஜினா, போரோஸ், ஹைட்ரா என்று தீவுகள் பக்கம் பக்கமாக இருப்பதால் தினம் இரண்டு மூன்று மணி நேரம் ஓடினால் போதும். சாயங்காலம் துறையில் கட்டிவிட்டுக் கரையில் நடக்கலாம். ஏஜினா பிஸ்தாவுக்குப் பேர்போனது. ஹைட்ராவில் மோட்டார் கார் கிடையாது. சாமான் சுமப்பது கழுதையும் கோவேறு கழுதையும்தான். பெரியவருக்கு அந்த ஊர் பிடித்துப்போகும். கரையிறங்கினால் எபிடாரஸ் என்ற இடத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல் அரங்கம் ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் உட்காரலாம். மேடையில் பேசுவது ஒலிபெருக்கி இல்லாமலே மேல் வரிசைவரை கேட்கும். எல்லாவற்றையும்விட, ஏதென்ஸின் பெரிய ஆஸ்பத்திரிகள் அதிக தூரத்தில் இல்லை.

இனி அச்சாரம். வாடகைக் கப்பலைப் பற்றிப் பேச உங்கள் தாலுகாவைவிடப் பொருத்தமான இடம் எது? ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது கம்பெனியிடம் சொந்தக் கப்பல் இல்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டுவதற்கு ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்குத்தான் எடுத்தார். எதிரே இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கடி கொடுக்கவும், அந்த வாடகை ஏற்பாடு முறிந்துபோயிற்று. பிள்ளை அசரவில்லை; இலங்கையிலிருந்து வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். அப்புறம் 1907இல் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. தேசத்துக்காகக் கப்பல் ஓட்டியவருக்கே அந்தக் கதி என்றால், விடுமுறைக்குப் படகு பேசுகிறவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

ஆகவே பணம் கட்டுமுன் ஒப்பந்தத்தில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பேசிய படகு பழுதானால் அதே அளவில் வேறு படகு தருவார்களா, பணத்தைத் தருவார்களா? நாம் ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பும்? விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வார்கள்? காற்றினால் ஒரு நாள் துறையிலேயே கிடந்தால் வாடகை பெரும்பாலும் குறையாது. அதைத் தெரிந்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

'ஆட்களோடு' என்ற ஒரு வார்த்தைக்குள் இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, காப்டனும் சமையல்காரரும் படகின் நிரந்தர ஆட்களாக இருப்பது. அங்கே வாடகைக்கு மேல் நூற்றுக்கு 25 முதல் 35 வரை செலவு முன்பணமாக வாங்குவார்கள். எரிபொருள், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாம் அதிலிருந்து போகும்; கணக்கு காட்டி மீதியைத் தருவார்கள். வரி தனியா, சேர்ந்ததா என்றும் கேளுங்கள். இனாம் வேறு, நூற்றுக்கு 10, 15 கொடுப்பது வழக்கம். இன்னொன்று, வெறும் படகை எடுத்து, காப்டனையும் சமையலாளையும் நாள் சம்பளத்துக்கு அமர்த்துவது. தொகை குறைவாகத் தெரியும். ஆனால் அவர்கள் சாப்பாடும் நம் பொறுப்பு; படகு சேதத்துக்கான ஈட்டுத்தொகையும் நம் பெயரில் இருக்கும்.

ஒரு கேள்வியை மறக்கவே கூடாது: அவர்கள் எங்கே படுப்பார்கள்? மகன் அனுப்பிய படத்தில் நான்கு காபின்கள். பெரியவர்கள் இருவர், மகனும் மருமகளும், மகளும் மாப்பிள்ளையும், பேரக் குழந்தைகள் இருவர் என்று நான்கும் நிறைந்துவிட்டன. படகின் மூக்குப் பகுதியில் ஆட்களுக்குச் சிறிய படுக்கை தனியாக உண்டா என்று எழுதிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் காப்டன் கூடத்தில் படுப்பார்; ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும் அம்மாள் அவரை மிதித்துவிடுவார்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். புறப்படுமுன் ஒரு பட்டியல் அனுப்பி என்ன பிடிக்கும், என்ன ஆகாது என்று கேட்பார்கள். கிரேக்கர்களுக்கும் விரத நாட்கள் உண்டு. அந்நாட்களுக்கென்று பருப்பு, பயறு, கீரை, ஆலிவ் எண்ணெய்ச் சமையல் உண்டு. ஃபாவா என்று ஒன்று செய்வார்கள். கிட்டத்தட்ட நம் பருப்புக் கடைசல்தான். தயிர் அங்கே கெட்டியாகக் கிடைக்கும். ஊறுகாயை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.

ஸ்டென்ட் விஷயத்தில் முதல் வார்த்தை நானோ, மகனோ சொல்ல முடியாது. அவரைப் பார்க்கும் இருதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். சரி என்றால், மாத்திரைகளை இரண்டு பங்காக இரண்டு பைகளில் வையுங்கள். குமட்டலுக்கு மாத்திரை வாங்கும்போதும் அவரையே கேளுங்கள். கிரீஸ் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் காட்ட வேண்டும். ஆனால் விசாவுக்காக மலிவாக வாங்கும் காகிதம் பழைய வியாதிக்குப் பணம் தராமல் போகலாம். ஸ்டென்டை மறைக்காமல் எழுதி, அதற்கும் சேர்த்து எடுங்கள். விசா மனுவைப் பிரயாணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். 15 நாளுக்குள் வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அம்மாளின் பயம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுத் துறையில் நீங்கள் நின்றிருப்பீர்கள். கடல் கொந்தளித்தாலும், நீர்மட்டம் தாழ்ந்துவிட்டாலும் 'இன்று படகு இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். கூட்டம் முணுமுணுக்கும். ஆனால் அந்த 'இல்லை'தான் நம்மைக் காப்பாற்றுவது. கிரீஸிலும் காப்டனுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பாதி அவர் சொல்லும் 'இல்லை'க்காகத்தான். 'நாங்கள் இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறோமே' என்று அவரை நெருக்குகிற குடும்பம் ஆபத்தை விலைக்கு வாங்குகிறது. காற்றைப் பற்றிய பேச்சில் காப்டன் சொல்வதே முடிவு என்று புறப்படுமுன் வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். முக்கியமாக, பணம் கட்டும் மகன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊருக்கு எப்போதும்வென்றான் என்று பெயர் இருக்கலாம். கடலில் அந்தப் பெயருக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

அம்மா, நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு கன்னியாகுமரி போய் அந்தப் படகில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். சில நிமிஷப் பிரயாணம்தான். வெளிக்காற்றுப் படும் இடத்தில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேரும் இடத்தையே பாருங்கள். முடிந்தால் சரி, முடியாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

எப்படியிருந்தாலும், அன்று ராத்திரியே மகனுக்குப் போன் செய்து, 'தம்பி, எனக்குத் தண்ணீர் என்றால் பயம்' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். இத்தனை வருஷத்தில் அவனிடம் அதை நீங்கள் சொன்னதே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவனுக்கு ஆசை உங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்பதுதான். உங்கள் பயத்தைத் தெரியாமல் அவன் அச்சாரம் கட்டினால், நஷ்டம் யூரோவோடு நிற்காது. படகில் ஏழு நாளும் நீங்கள் சிரித்த முகத்தோடு நடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதை அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு கண்டுபிடிப்பான். பிள்ளை மனசு நோவது அப்போதுதான்.

பயத்தைச் சொன்ன பிறகும் போகத் தோன்றினால் தாராளமாகப் போய் வாருங்கள். வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்தக் கட்டுமரத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.