வந்தியத்தேவன் அப்புறம் என்ன ஆனான்?

கதை முடிந்த பிறகும் சில பேர் நம் வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்து போகமாட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது உண்டா, சகோதரிகளே? வேடசந்தூரில் எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். சாட்சாத் வந்தியத்தேவன்தான்!

என் மாமியாருக்கு எண்பது கடந்துவிட்டது. 1950-இல் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' ஆரம்பமானபோது பாவாடை கட்டிய சிறுமி. பெரியவர் யாராவது உரக்கப் படிக்க, வீடே கூடிக் கேட்குமாம். மணியம் வரைந்த படங்களோடு பக்கங்களைச் சேர்த்துத் தைத்த பைண்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. 'கொலைவாள்' பாகம் மட்டும் இல்லை. இரவல் கொண்டுபோன புண்ணியவதி திருப்பித் தரவில்லை!

1954-இல் கதை முடிந்தது. அந்த டிசம்பரிலேயே ஆசிரியரும் மறைந்தார். முடிவுரையில் அவர் சொன்னது அத்தைக்குப் போதவில்லை. 2022-இலும் 2023-இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்ததும் பழைய ஏக்கம் மறுபடி கிளம்பிவிட்டது. "நான் போறதுக்குள்ளே அவன் என்ன ஆனான்னு தெரிஞ்சுக்கணும்" என்பார்.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து பேத்தி ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி.' 'அமுதசுரபி'யில் அந்தக் காலத்திலேயே தொடராக வந்ததுதான். எங்கள் வீட்டுக்குத்தான் புதிது.

"கல்கி எழுதலையே!" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் ஒப்பவில்லை. அடுத்த வீட்டுக்காரி நம் அடுப்பில் வந்து குழம்பு வைத்தால் பிடிக்குமா? ஆனாலும் அத்தைக்குப் பார்வை மங்கிவிட்டதால் நானே படித்துக் காட்டினேன்.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. கல்கி கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. உத்தம சோழன் பட்டத்துக்கு வந்தபின், 985-இல் ராஜராஜன் முடிசூடும் வரையில் சுமார் பதினைந்து வருஷம் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தி உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. அதுவோ ராஜராஜனின் இரண்டாம் ஆட்சி ஆண்டு! அதுவரை ஏன் தாமதம்? இந்த ஒரு கேள்விக்கே இன்னும் பத்துப் பேர் கதை எழுதலாம். 'காவிரி மைந்தன்' என்று அனுஷா வெங்கடேஷ் எழுதியதும் உண்டு.

ஆனால் இட்டு நிரப்புவது வேறு, பேசவைப்பது வேறு. விக்கிரமன் பழையாறையையும் அரண்மனைச் சூழ்ச்சியையும் நிதானமாகவே சொல்கிறார். பழையாறைக்கு நந்திபுரம் என்றும் பெயர் உண்டல்லவா? எனக்குப் பிடித்திருந்தது. வந்தியத்தேவன் வாயைத் திறக்கும் இடங்களில்தான் தகராறு. ஓரிடத்தில் அத்தை கையமர்த்தி, "இவன் நல்ல பையன்தான். ஆனா நம்ம பையன் இல்லை" என்றார்.

"குந்தவையைக் கட்டிக்கிட்டானா, இல்லையா?" என்று கேட்டார்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை 'வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார்' என்று குறிப்பதைச் சொன்னேன். கல்லிலேயே எழுதியிருக்கிறதென்றதும் அத்தை முகத்தில் ஒரு நிறைவு. கல்யாண ஓலை கைக்கு வந்ததுபோல!

விக்கிரமனையும் விடாமல் கடைசிப் பக்கம் வரை கேட்டுவிட்டார். மறுநாள், "பரணிலிருந்து அந்த முதல் பைண்டை எடும்மா" என்றார். இப்போது இரவுச் சாப்பாடு ஆனதும் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை ஏறுகிறோம். நேற்றுத்தான் கடம்பூர் மாளிகை வந்து சேர்ந்தோம். 'கொலைவாள்' வருவதற்குள் அந்தப் புண்ணியவதி வீட்டுக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.