எலி சொன்ன விடை

கடைத்தெருவில் வாங்கிய கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டியோடு வந்த ஒரு துண்டுக் காகிதத்தை, அதில் ஈரல் கோளாறுகளுக்கு இவ்வெண்ணெய் கைகண்ட ஔஷதம் என்பது ஆராய்ச்சியில் நிரூபணமாகிவிட்டதாகக் கண்டிருந்த வாசகத்தின் கீழ் விரலை வைத்துக்கொண்டு, சென்ற வாரம் நண்பர் ஒருவர் என்னிடம் நீட்டி, "இன்னமும் உமக்குச் சந்தேகமா?" என்று கேட்டார். சந்தேகம் உண்டு. ஆராய்ச்சி நடந்தது வாஸ்தவம், எலி விடை சொன்னதும் வாஸ்தவம். ஆனால் அதனிடம் கேட்ட கேள்வி ஒன்று, புட்டியில் ஒட்டிய பதில் வேறொன்று.

கல்லூரியில் விலங்கியல் கற்பித்த நாட்களில் இத்தகைய பரிசோதனைகளை அருகிருந்து பார்த்திருக்கிறேன். பிலடெல்பியாவின் விஸ்டார் நிலையத்தில் உருவான வம்சத்தைச் சேர்ந்த வெள்ளெலியைப் பிடரியோடு சேர்த்துப் பிடித்து, நுனியில் குண்டுமணி போல் உருண்ட வளைந்த எஃகுக் குழாயை அதன் கடைவாய் வழியே இரைப்பைக்குள் மெல்ல இறக்கி, மாணவன் தினந்தோறும் எண்ணெய் புகட்டுவான். ஒன்றிரண்டு வாரம் அப்படிப் போற்றி வளர்த்த பின்னர், கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் விஷத்தை ஆலிவ் எண்ணெயிலோ திரவப் பாரபினிலோ கலந்து ஊசியால் ஏற்றுவான். மறுநாள் வயிற்றைத் திறந்தால், விஷம் மட்டுமே பெற்ற எலியின் ஈரல், செந்தவிட்டு நிறமும் பளபளப்பும் இழந்து, வெளிறி மஞ்சள் பூத்துக் கிடக்கும். எண்ணெய் குடித்த எலியின் ஈரல் ஓரளவு தன் நிறத்தோடு இருக்கும். ரத்தத்தில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற நொதிகளின் அளவும் அதற்கேற்பக் குறைந்திருக்கும். ஒரு கட்டுரை தயார்.

இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் இவ்விஷம் தானாக ஈரலைத் தின்பதில்லை என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஈரலிலுள்ள ஒரு நொதியே அதன் மூலக்கூற்றிலிருந்து ஒரு குளோரின் அணுவைக் கழற்றிவிட, மிஞ்சிய துண்டு வெறிகொண்டதுபோல் உயிரணுச் சவ்வின் கொழுப்பைத் தாக்குகிறது. ஆகையால் அந்த நொதியை முன்கூட்டியே மந்தப்படுத்தும் எந்தப் பொருளும், ஈரலுக்குத் துளியும் சிகிச்சை செய்யாமலே, காப்பாற்றியதாகத் தோற்றம் தந்துவிடும். தீப்பெட்டியை ஒளித்துவைத்தவனுக்குத் தீயை அணைத்த பெருமை போய்ச் சேருகிறது. நோயாளியோ ஈரல் கெட்ட பிறகுதான் வைத்தியனைத் தேடி வருகிறான். விஷத்தை முதலில் கொடுத்து, ஈரல் பழுதான பின் எண்ணெய் புகட்டிப் பார்த்தாலன்றி, "குணமாக்கும்" என்ற சொல்லுக்கு உரிமை பிறப்பதில்லை.

விசித்திரம் என்னவென்றால், இதே விஷம் ஒரு காலத்தில் மருந்தாகவே மனிதன் வயிற்றுக்குள் போயிற்று. கொக்கிப்புழு ஒழிப்புக்காக ராக்பெல்லர் நிறுவனத்தார் 1916 முதல் இலங்கைத் தோட்டங்களில், நம் தமிழ்த் தொழிலாளர்களிடையே, பெரும் இயக்கம் நடத்திய காலத்தில், கையிலிருந்த மருந்துகளுள் ஒன்று கீனோபோடியம் என்ற செடியின் எண்ணெய். புழுவையும் கொன்றது, அளவு மிஞ்சினால் குடித்தவனையும் கொன்றது. 1921ல் மாரிஸ் ஹால் என்ற அமெரிக்கக் கால்நடை விஞ்ஞானி, கார்பன் டெட்ராகுளோரைடு நாய்களின் கொக்கிப்புழுவை நன்றாக வெளியேற்றுவதைக் கண்டு, தாமே அதை விழுங்கியும் பார்த்து, சிபாரிசு செய்தார். தாவர எண்ணெய்க்குப் பதிலாக ரசாயனம் வந்தது. பலருக்குப் புழு நீங்கியது. சிலர் மாண்டார்கள், அவர்களில் மதுப் பழக்கமுள்ளவர்கள் இருந்தார்கள். நாய்கள் கள் குடிப்பதில்லை என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. முன்சொன்ன நொதியை மதுவே ஈரலில் பெருக்கிவிடுகிறது என்ற உண்மை விளங்கியதெல்லாம் பின்னால்.

எலியிடம் சரியான கேள்வியைக் கேட்டவர்களும் உண்டு. மலேசியாவில் சில்லறை உபாதைகளுக்காக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட பச்சிளங் குழந்தைகள், சில மணி நேரத்தில் வாந்தியெடுத்து, மயங்கி, வலிப்புக் கண்டு மருத்துவமனைக்கு வந்ததை மருத்துவர் சின்னையாவும் அவர் சகாவும் 1981ல் 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார்கள். அத்தோடு நிற்காமல், அந்த எண்ணெயையே ஆய்வக விலங்குகளுக்குக் கொடுத்து, அவற்றின் ஈரலில் உயிரணுக்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சேதமுறுவதைக் காட்டினார்கள். எண்ணெய்தான் குற்றவாளி என்பதற்கு விலங்கு சாட்சி சொன்னது. ஆயிரம் 'காக்கும்' கட்டுரைகளைவிட இந்த ஒரு சாட்சியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் நம் பத்திரிகைகளில் வேம்பின் மகிமைக்குக் கிடைக்கும் இடத்தில் கால்பங்குகூட இச்செய்திக்குக் கிடைத்ததில்லை.

ருக்மிணிதேவி அருண்டேல் ராஜ்ய சபையில் விடாமல் பேசியதன் விளைவாக 1960ல் வந்த ஜீவகாருண்யச் சட்டத்தை ஒட்டி, இன்று ஆய்வகங்களில் நெறிமுறைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் அனுமதியின்றி ஓர் எலியைத் தொடலாகாது. கூண்டு எத்தனை அங்குலம், எலிகள் எத்தனை என்று சிரத்தையோடு விசாரிக்கும் அக்குழுக்கள், 'விஷத்துக்கு முன்பா, பின்பா?' என்றும், 'எண்ணெயை மட்டும் தாராளமாகக் கொடுத்தால் என்ன ஆகும்?' என்றும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். முன்பே நூறு முறை சொல்லிவிட்ட விடையை நூற்றோராவது முறை வாங்குவதற்காக ஓர் உயிரைப் போக்க அனுமதி எதற்கு?

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். கருஞ்சீரக எண்ணெய் அவர் வீட்டு அலமாரியில்தான் இன்னும் இருக்கிறது. நான் தடுக்கவில்லை, வாய்க்குப் பிடித்தால் பெரியவர்கள் சிறிதளவு சாப்பிடட்டும். ஆனால் அவருடைய பேத்திக்கு எட்டு மாதம். குழந்தைக்கு வயிறு உப்பிய நாளெல்லாம் பாலாடையில் நாலு சொட்டு வேப்பெண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அவர் தாயார், வாசல் திண்ணையிலிருந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நேற்று நான் போனபோது அந்த எண்ணெய்ப் புட்டி மாடத்தில், அகல் விளக்கின் பக்கத்தில் இருந்தது.