அரியலூர்ப் பையன் கோல் கீப்பர் ஆக முடியுமா?

ஆக்கி ஆட்டத்தில் ஒரு கட்சிக்குப் பதினொரு பேர். பத்துப் பேர் மைதானம் முழுவதும் ஓடுகிறார்கள். ஒருவர் மட்டும் வலைக்கு முன்னால் நிற்கிறார். அவர்தான் கோல் கீப்பர்.

ஓடுகிறவர் பந்தைத் தவற விட்டால், அவருக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். கோல் கீப்பர் தவற விட்டால், அவருக்குப் பின்னால் வலைதான் இருக்கிறது. ஒன்பது பந்தைத் தடுத்திருப்பார். தவற விட்ட பத்தாவது பந்தைத்தான் ஊர் பேசும்!

இப்படிப்பட்ட வேலையை நம்பி ஒருவர் பிழைக்க முடியுமா? ஒரு குடும்பம் தன் பிள்ளையை இந்த வழியில் அனுப்பலாமா? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பெற்றோர் இதைக் கேட்கும் காலம் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு.

அரியலூர் தந்த ஆட்டக்காரர்

அரியலூர் என்றால் சிமெண்டு ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நினைவுக்கு வரும். பெரம்பலூர் என்றால் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும். ஆக்கியை யாரும் நினைத்ததில்லை.

2022-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி அது மாறியது. அன்று இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் ஆசியக் கோப்பை ஆட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. இந்தியாவுக்காக முதல் முறையாகக் களம் இறங்கிய ஓர் இளைஞர் அன்றே கோல் போட்டார். அவர் பெயர் கார்த்தி செல்வம். ஊர் அரியலூர்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னையில் ஆசியச் சாம்பியன் கோப்பைப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4-3 என்று வென்று இந்தியா கோப்பையைத் தட்டிச் சென்றது. அந்தக் கட்சியிலும் கார்த்தி இருந்தார்.

கார்த்தி முன்கள ஆட்டக்காரர். கோல் போடுகிறவர். அதே மண்ணிலிருந்து கோலைத் தடுக்கிறவரும் வருவாரா?

அரை விநாடிப் பிழைப்பு

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்கலாம்.

கோல் கம்பங்களுக்கு நடுவே உள்ள அகலம் 3.66 மீட்டர். உயரம் 2.14 மீட்டர். அதாவது 12 அடி அகலம், 7 அடி உயரம். ஒரு மனிதர் இவ்வளவு இடத்தையும் காக்க வேண்டும்.

பந்தின் எடை 160 கிராம் அளவு. கல்லைப் போல் கெட்டியானது. நல்ல ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கோல் எல்லைக்குள் எங்கிருந்து அடித்தாலும், அரை விநாடி அளவில் பந்து கம்பத்தை அடைந்து விடும். அதற்குள் பார்க்க வேண்டும், முடிவு செய்ய வேண்டும், பாய வேண்டும்!

பனிக்கட்டியின் மேல் ஆடும் ஆக்கியும் உண்டு. கனடாவில் அதற்குத்தான் மவுசு. நம் நாட்டில் லடாக்கில் ஆடுகிறார்கள். அங்கே கோல் கீப்பர்கள் வெகு காலம் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள். 1959-ல் ஜாக் பிளாண்ட் என்ற கோல் கீப்பருக்கு முகத்தில் அடிபட்டு ரத்தம் கொட்டியது. தையல் போட்டுக்கொண்டு, முகமூடி அணிந்து திரும்பி வந்து ஆடினார். அதன் பிறகுதான் அந்த வழக்கம் பரவியது.

மூன்று மனிதர்கள், மூன்று காலம்

கோல் கீப்பரின் வாழ்க்கை எப்படி முடியும்? நம் நாட்டிலேயே மூன்று சாட்சிகள் உண்டு.

முதலாமவர் சங்கர் லட்சுமண். மத்தியப் பிரதேசத்தில் உள்ள மோவ் ஊர்க்காரர். பட்டாளத்தில் வேலை பார்த்தவர். 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். 1956-ல் மெல்போர்ன் நகரில் இந்தியா 38 கோல்கள் போட்டது. எதிரிகளால் ஒரு கோல் கூடப் போட முடியவில்லை! அவரது கடைசிக் காலமோ வறுமையிலும் நோயிலும் கழிந்தது. 2006-ல் காலமானார்.

இரண்டாமவர் மானுவல் பிரடெரிக். கேரளத்தின் கண்ணூர்க்காரர். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கட்சியின் கோல் கீப்பர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கேரளக்காரர் அவரே. அரசாங்கத்தின் தியான் சந்த் விருது 2019-ல்தான் அவருக்குக் கிடைத்தது. கேரள அரசாங்கம் கொடுத்த வீடும் அதே ஆண்டில்தான் கைக்கு வந்தது. பதக்கத்துக்கும் வீட்டுக்கும் நடுவே 47 ஆண்டுகள்! 2025-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி பெங்களூரில் அவர் மறைந்தார்.

மூன்றாமவர் ஸ்ரீஜேஷ். எர்ணாகுளம் அருகே கிழக்கம்பலம் என்ற ஊரில் விவசாயியின் மகனாகப் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் உள்ள விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். ஓட்டப் பந்தயக்காரராக வந்தவரைக் கோல் கீப்பர் ஆக்கினார்கள். கால் கவசம் வாங்க வீட்டுப் பசுவை விற்றார் தகப்பனார்.

அந்தப் பசு வீண் போகவில்லை. 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. ஒலிம்பிக் ஆக்கியில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பதக்கம். கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்தவர் ஸ்ரீஜேஷ். 2024-ல் பாரிசில் மீண்டும் வெண்கலம். அத்துடன் ஆட்டத்தை விட்டார். அவர் அணிந்த 16-ம் எண் சட்டையை இனி சீனியர் கட்சியில் யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஆக்கி இந்தியா சங்கம் அறிவித்தது.

2025-ல் சென்னையிலும் மதுரையிலும் இளைஞர் உலகக் கோப்பை நடந்தது. அதில் வெண்கலம் வென்ற இந்தியக் கட்சிக்கு அவரே பயிற்சியாளர்!

எங்கே தடை?

முதல் இருவருக்கும் பட்டாளச் சம்பளம்தான் ஆதாரம். பிந்தியவர் காலத்தில் அரசாங்க வேலை, பரிசுப் பணம், கட்சிகளின் ஏலம் எல்லாம் வந்துவிட்டன. 2024-ல் ஆக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தது. ஓர் ஆட்டக்காரருக்கு ஆரம்ப விலையே 2 லட்சம் ரூபாய். அயர்லாந்து கோல் கீப்பர் டேவிட் ஹார்ட்டைத் தமிழ்நாடு டிராகன்ஸ் கட்சி 32 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது.

அப்படியானால் தடை எங்கே?

முதல் தடை, கவசம். முன்கள ஆட்டக்காரருக்கு ஒரு மட்டையும் ஒரு ஜோடி ஷூவும் போதும். கோல் கீப்பருக்குத் தலைக்கவசம், மார்புக் கவசம், கால் கவசம், கைக் கவசம் எல்லாம் வேண்டும். செலவு பல மடங்கு. பையன் வளர வளர கவசமும் மாற வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்தால் இது ஆகுமா?

இரண்டாவது தடை, இடம். முன்களத்தில் நான்கைந்து பேருக்கு இடம் உண்டு. கோலில் ஒருவருக்கே இடம். பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன 16 பேர் கொண்ட இந்தியக் கட்சியில் கோல் கீப்பர் ஒரே ஒருவர்! பஞ்சாபைச் சேர்ந்த கிரிஷன் பதக் திறமைசாலி. ஆனால் ஸ்ரீஜேஷ் விலகும் வரை அவர் பல ஆண்டுகள் இரண்டாம் இடத்தில் காத்திருக்க நேர்ந்தது. பிறகு 2025-ல் ராஜ்கிரில் இந்தியா ஆசியக் கோப்பையை வென்றபோது அந்தக் கட்சியில் அவர் கோல் கீப்பராக இருந்தார்.

மூன்றாவது தடை, பயிற்சி. ஓடவும் அடிக்கவும் கற்றுக்கொடுக்க ஊருக்கு ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் இருக்கிறார். பாய்ந்து தடுக்கக் கற்றுக்கொடுக்கத் தனி ஆசான் தேவை. சர்வதேச ஆட்டங்கள் செயற்கைப் புல்தரையில் நடக்கின்றன. செம்மண் தரையில் பழகியவருக்கு அங்கே பந்தின் வேகமே புதிதாக இருக்கும்.

என்ன செய்யலாம்?

கவசம் பள்ளிக்கூடத்தின் பொதுச் சொத்தாக இருந்தால் முதல் தடை தீரும். மாவட்டத்துக்கு இரண்டு மூன்று ஜோடி வாங்கி வைத்தால், பல பிள்ளைகள் மாறி மாறிப் பழகலாம். பசுவை விற்க வேண்டியதில்லை. அரியலூரில் வளமான ஆலைகள் இருக்கின்றன. அவை மனம் வைத்தால் பெரிய செலவல்ல.

பெற்றோரும் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தியாவுக்கு ஆடப் போகிறவர் ஆயிரத்தில் ஒருவர்தான். மற்றவர்களுக்கும் வாழ்வு வேண்டும். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரெயில்வேயும் போலீசும் ராணுவமும் ஆட்டக்காரர்களை எடுக்கின்றன. அதற்குப் படிப்பும் சான்றிதழும் அவசியம். ஒரு கையில் மட்டை இருந்தால் மறு கையில் புத்தகம் இருக்கட்டும்.

கோல் கீப்பர் ஆக ஆசைப்படும் பையனுக்கு முதலில் வேண்டியது பொறுமை. தன் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். கோல் விழுந்தாலும் அடுத்த விநாடி அதை மறந்து நிற்க வேண்டும்.

கோல் போடும் பிள்ளையை அரியலூர் தந்துவிட்டது. கோல் காக்கும் பிள்ளையும் ஏதோ ஒரு தெருவில் இருக்கக் கூடும். அவன் கைக்குக் கவசம் போய்ச் சேர வேண்டும். அது பெரியவர்களின் பொறுப்பு.