சம்மர் சீசன்னா பாலே மட்டும்தானா? மேடவாக்கத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் விடிய விடிய ஆடும் கம்பெனிகள்!

ஜூன் மாதம் வந்தால் நியூயார்க்கில் பாலே ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். 1939-ல் தொடங்கப்பட்ட 'அமெரிக்கன் பாலே தியேட்டர்' என்ற நடனக் கம்பெனி, மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸில் தன் கோடை சீசனை ஆரம்பித்துவிடும். கிட்டத்தட்ட 3,800 பேர் உட்காரக்கூடிய அரங்கம். 'ஸ்வான் லேக்', 'ஜிசெல்' என்று முழுநீளக் கதைகள் வரிசையாக மேடையேறும். இன்றைக்கு ஒருவர் அன்னமாக ஆடினால் நாளைக்கு இன்னொருவர் ஆடுவார். எந்த நாளில் யார் ஆடுகிறார் என்று பார்த்துப் பார்த்து டிக்கெட் எடுக்கவே ஒரு கூட்டம் இருக்கிறது.

மெட்ரோ வேலையில் சுருங்கிப்போன மேடவாக்கம் ரோட்டில் மாட்டிக்கொண்டு, மொபைலில் இதை ஸ்க்ரோல் பண்ணுகிற உங்களுக்கு என்ன தோணும்? "நமக்கும் இதுக்கும் ரொம்ப தூரம் பாஸ். நம்ம ஊர்ல டான்ஸ்னா மார்கழி சீசன். சம்மர்ல வெயில் சீசன் மட்டும்தான்!"

அது பாதிதான் உண்மை. ஒரு கம்பெனி, அதற்கென்று கதைகளின் பட்டியல், முன்கூட்டியே புக் ஆகும் தேதிகள், ரசிகர்கள் பெயர் சொல்லித் தேடும் ஸ்டார்கள்... இதெல்லாம் இருக்கிற கோடை சீசன் நமக்கும் உண்டு. அதன் பெயர் கூத்து.

ஜமா என்றால் கம்பெனி

பங்குனியில் சூடுபிடித்து ஆடி வரை ஓடும் சீசன் இது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதத் திருவிழா நடக்கும். பகலில் ஒருவர் உட்கார்ந்து மகாபாரதக் கதை சொல்வார். ராத்திரி அதே கதை கூத்தாக இறங்கும். சுமார் 10 மணிக்கு மேளம் தட்டினால் விடிய விடிய ஆட்டம்தான். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ராத்திரிக்கு ஒரு கதை. கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்து தரையில் கிடத்தியிருக்கும் பிரமாண்டமான துரியோதனன் உருவத்தின் தொடையை பீமன் வேஷக்காரர் அடித்துப் பிளப்பார். அதன் பிறகு தீமிதி.

இதை ஆடும் குழுவுக்குப் பெயர் ஜமா. தலைவர், வாத்தியார். ராஜா வேஷம், பெண் வேஷம், கட்டியங்காரன், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை என்று பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். கிரீடம், தோள், மார்பில் போடும் மர அணிகளைக் 'கட்டை' என்பார்கள். தெருக்கூத்து என்பதற்குப் பதிலாக 'கட்டைக்கூத்து' என்றே தங்கள் கலையைச் சொல்லும் கலைஞர்களும் உண்டு.

வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்தால் தேதி உறுதி. நடிகர்களும் சீசனுக்கு முன்பே முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு ஜமாவில் சேருவது வழக்கம். ஐபிஎல் ஏலத்துக்குப் பிறகு யார் எந்த டீம் என்று பார்க்கிறோமே, ஏறக்குறைய அதே கதைதான். நல்ல கர்ணன் வேஷக்காரர் எந்த ஜமாவில் இருக்கிறார் என்று விசாரித்துத்தான் பல ஊர்களில் தாம்பூலமே மாற்றுவார்கள்.

திருவான்மியூரில் ஒரு பாலே தொடர்பு

'பாலே வேற, கூத்து வேற' என்று நீங்கள் சொன்னால் அது சரிதான். கால் வைக்கும் விதத்திலிருந்து கதை சொல்லும் முறை வரை எல்லாமே வேறு. ஆனால் இரண்டுமே ஒரு குழு சேர்ந்து நடனத்தால் ஒரு முழுக் கதையைச் சொல்லும் கலைகள்தான்.

இந்த யோசனைக்கு உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்ற நடனங்களில் ஒன்று பாலே. ரஷ்யாவின் புகழ்பெற்ற பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் அதைக் கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவாதான். 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. 1955-ல் 'சீதா சுயம்வரம்' தொடங்கி 1970-ல் 'மகா பட்டாபிஷேகம்' வரை ஆறு பாக ராமாயண நாட்டிய நாடகத்தை அவர் மேடையேற்றினார். தனி ஒருவர் ஆடும் பரதத்தைக் கம்பெனியாக ஆடவைத்த பெரிய முயற்சி அது.

அதற்கு அவர் பார்த்துக் கற்றவற்றில் ஒன்று, தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா. அதுவும் கோடையில், ராத்திரியில் ஆடப்படும் நாட்டிய நாடகம். ஆக, தமிழ்நாட்டுக்கு சம்மர் சீசன் எப்போதும் இருந்திருக்கிறது. அது ஏசி சபாவுக்குள் நடக்காததால் சிட்டி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காலண்டரில் இருக்கிறது சிக்கல்

கூத்துக்கு இன்றைக்கு இருக்கும் பெரிய ஆபத்து என்ன? 'யாரும் பார்ப்பதில்லை' என்பது சுலபமான பதில். காலண்டரைப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும்.

ஒரு ஜமாவின் வருஷ வருமானத்தில் பெரும்பகுதி இந்த ஐந்து மாதத்தில்தான் வரவேண்டும். ஐப்பசி மழையில் யாரும் திடலில் கூத்து வைக்க மாட்டார்கள். இந்த ஐந்து மாதத்தில் என்ன நடந்தாலும் அடி முழுசாக விழும்.

2020-ல் ஊரடங்கு மார்ச் 25 அன்று வந்தது. அது பங்குனி மாதம், சீசன் சூடுபிடிக்கும் நேரம். 2021-ல் ஏப்ரல் 20-ம் தேதி இரவு ஊரடங்கு ஆரம்பம், ராத்திரி 10 மணி முதல். கூத்துக்கு மேளம் தட்டும் அதே 10 மணி! மே மாதம் முழு ஊரடங்கு. இரண்டு கோடையும் போச்சு. ஆபீஸ் வேலை 'வொர்க் ஃப்ரம் ஹோம்' ஆனது. கர்ண மோட்சத்தை ஜூமில் ஆட முடியுமா?

அடுத்தது தேர்தல். 2019-ல் நம் மாநிலத்தில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 18, 2021-ல் ஏப்ரல் 6, 2024-ல் ஏப்ரல் 19. எல்லாமே சீசனுக்குள். நடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களில் ராத்திரி நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்குவதே பெரும்பாடு.

மூன்றாவது, ஒலி விதிகள். 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை மைக் செட் போடக்கூடாது. கலை, சமய விழாக்களுக்காக வருஷத்தில் 15 நாள் வரை மாநில அரசு தளர்வு தரலாம். அதுவும் நள்ளிரவு 12 வரைக்கும்தான். அதாவது, சட்டம் முடியச் சொல்லும் நேரத்தில்தான் கூத்து ஆரம்பிக்கவே செய்கிறது. நடைமுறையில் பல இடங்களில் இது உள்ளூர் காவல் நிலையத்தின் மனசைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

தூங்கவேண்டிய குழந்தைகள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், முதியவர்கள் இருக்கிறார்கள், விதி தேவைதான். ஆனால் நெஞ்சு அதிரும் பாக்ஸ் ஸ்பீக்கர் டிஜேவையும், முகவீணையும் மிருதங்கமும் ஒலிக்கும் ஒரு திடலையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா? எத்தனை மணி என்பதோடு எவ்வளவு சத்தம் என்பதையும் அளந்து அனுமதி கொடுத்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

சிட்டி மேடை தருவது சில நிமிடங்கள்

'சென்னையில் மேடை கொடுத்தால் காப்பாத்திடலாமே?' என்று கேட்கலாம். 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம், அரசு நடத்தும் 'நம்ம ஊரு திருவிழா' போன்ற விழாக்கள் கிராமியக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் பீச்சுக்கும் கொண்டுவந்தன. அது நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே கூத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். எட்டு மணி நேரக் கதையில் ஒரு திரை பிரவேசமும் ஒரு சுழற்சியும்தான் மிஞ்சும். ரீல்ஸுக்குச் சரி. கர்ணன் சாகப்போவது தெரிந்தும் பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்துக்கு அந்த நேரம் போதாது. இதில் இன்னொரு விஷயம், பொங்கல் விழா ஜனவரியில் நடப்பது. அது கூடுதல் வருமானம்தான், சீசன் ஆகாது.

மேடைக்கு வெளியே பாதுகாப்பு என்ன? பாரிஸ் ஓபராவின் பாலே கலைஞர்களுக்கு 42 வயதில் ஓய்வும் பென்ஷனும் உண்டு. மன்னர் 14-ம் லூயி காலத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. அதில் அரசு கைவைக்கப் பார்த்தபோது, 2019 டிசம்பர் 24 அன்று ஓபரா வாசலில், குளிரில், அவர்கள் 'ஸ்வான் லேக்' ஆடி எதிர்ப்பைக் காட்டினார்கள். நம் ஊரில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. அடையாள அட்டை, உதவித்தொகைகள், நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவி எல்லாம் இருக்கின்றன. ஆனால் கூத்துக்காரருக்கு ரிட்டயர்மென்ட் வயது என்று ஒன்று கிடையாது. முழங்கால் எப்போது விடுகிறதோ அப்போதுதான். பிறகு விவசாயம், கூலி வேலை, இல்லையென்றால் சென்னையில் செக்யூரிட்டி வேலை. பெரும்பாக்கத்திலோ சோழிங்கநல்லூரிலோ உங்கள் அபார்ட்மென்ட் கேட்டைத் திறந்துவிடுகிறவர் ஒருகாலத்தில் துரியோதனனாக நின்றவராகக்கூட இருக்கலாம்.

மாறவே மாறாத கலையா?

இல்லை. செய்யாறு பக்கத்திலுள்ள புரிசை கிராமத்துக் குழு, காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் கதையையே கூத்தாக்கியது. கண்ணப்ப தம்பிரான் வழிவந்த குழு அது. காஞ்சிபுரம் பக்கம் பி.ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் உருவாக்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படித்து, ராஜா வேஷமே கட்டினார்கள். காலங்காலமாக ஆண்களே பெண் வேஷம் கட்டிய மேடையில் இது சின்ன விஷயமில்லை. அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. கற்றுக்கொடுக்கும் இடம் மூடினால் அடுத்த கட்டியங்காரன் எங்கிருந்து வருவான் என்பதுதான் கேள்வி.

முடிவு உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில்!

மேடவாக்கம் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றைக்கும் வேளச்சேரி முதல் வண்டலூர் வரை வாடகைக்கு இருப்பவர்களில் வந்தவாசி, செய்யாறு, செஞ்சி பக்கத்துக்காரர்கள் நிறைய. உங்களில் பலர் 'ஊர் திருவிழா' குரூப்பில் இருப்பீர்கள். ஜிபேயில் வரி அனுப்புகிறவர் நீங்கள். அதனால் உங்கள் குரலுக்கு மதிப்பு உண்டு. 'இந்த வருஷம் ஆர்கெஸ்ட்ராவா, டிஜேவா, கூத்தா?' என்று அங்கே பேச்சு வரும்போது பெரும்பாலும் இளைஞர்கள் சொல்வதுதான் நடக்கிறது. கூத்துக்கு நாள் குறைவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பத்து ராத்திரி ஐந்தாகும், ஐந்து ஒன்றாகும், பிறகு 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.' ஒரு ஊர் விட்டால் ஒரு தேதிதான் போகும். பத்து ஊர் விட்டால் ஒரு ஜமா கலைந்துவிடும்.

பாலே கம்பெனிகளிடம் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் பல பாலே கம்பெனிகளின் டிக்கெட் வருமானத்தைத் தாங்கிப்பிடிப்பது, டிசம்பரில் வருஷா வருஷம் வரும் 'நட்கிராக்கர்' என்ற ஒரே நாடகம்தான். 'அந்த மாசம்னா அதைப் பார்க்கணும்' என்ற பழக்கம்தான் அவர்களைக் காப்பாற்றுகிறது. நம் ஊர்களில் அப்படி ஒரு பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் விடாமல் இருந்தாலே போதும்.

சொந்த ஊர் அந்தப் பக்கம் இல்லையா? பரவாயில்லை. தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ் இருக்கிறது, செங்கல்பட்டு வழியாக ரயிலும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி போதும். டிக்கெட் கிடையாது, தரைதான் சீட். ஒரு பெட்ஷீட், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தூக்கம் வந்தால் தூங்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டார்கள். திரை விலகும்போது முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் மட்டும் அடிக்காதீர்கள். பிடித்த ஆட்டத்துக்கு அன்பளிப்பு கொடுத்தால் உங்கள் பெயரை மைக்கில் சொல்வார்கள்.

ஊர்க்காரராக இருந்தால் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அடுத்த முறை குரூப்பில் பேச்சு வரும்போது, தம்ஸ் அப் போட்டுவிட்டு நகராமல், 'கர்ண மோட்சம் ஒரு நாளாவது வைங்க, என் பங்கு நான் தர்றேன்' என்று ஒரு வரி டைப் பண்ணுங்க. அந்த ஜமாவுக்கு அது ஒரு ராத்திரி வேலை.