எந்த இசையைக் கேட்டு எழுதுவது?

"இசையைக் கேட்டுக்கொண்டே எழுதுங்கள், சொற்கள் தானாக வரும்" என்றார்கள் நான் போன எழுத்துப் பட்டறையில். வீணை ஒலித்தது. அடுத்த அமர்வில் பறை போடலாமா என்று கேட்டேன். "அதைக் கேட்டால் எழுத வராதே" என்று சிரித்தார் நடத்தியவர்.

தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. அதைச் சாவு வீட்டுக்கும், அடிப்பவரைச் சேரிக்கும் ஒதுக்கியது சாதி.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், 1926இல் வந்த தன் முதல் தொகுப்புக்கே 'தி வியரி ப்ளூஸ்' என்று பெயர் வைத்தார். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடும் ப்ளூஸின் அமைப்பைக் கவிதைக்குள் கொண்டுவந்தார். படித்த கறுப்பினத்தவர் சிலரே முகம் சுளித்தார்கள்.

நம்மிலும் பறையைத் தொட மறுப்பவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டாயப்படுத்தி அடிக்கவைத்த பறையை "இனி அடிக்க மாட்டோம்" என்று கீழே வைத்ததும் விடுதலைப் போராட்டம்தான். மேடையில் பெருமையோடு அடிப்பதும் அதே போராட்டம்தான்.

ஆகவே, பறையிலிருந்து தாளத்தை எடுப்பவர்கள் இந்த மறுப்பையும் சேர்த்தே எழுத வேண்டும். தாளம் வேண்டும், அடித்த கை வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் தீண்டாமை.